பத்து என்பது பத்துப் பேர் அன்று

சர்வர் எனப்படும் வழங்கி ஒன்றை நிறுவி முடித்து, இத்தொழிலுக்குப் புதியவர்களான நீங்கள் நாற்காலியை விட்டு எழும்போது வாடிக்கையாளர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்: "ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கலாம்?" உங்களுக்கு இன்று அக்கேள்வி அச்சம் தருவதில்லை. கூட்டம் பெருகினால் மேலும் சில இயந்திரங்களை அமர்த்திக்கொள்ளும் வசதி உங்களிடம் இருக்கிறது. நாங்கள் தொழில் செய்த காலத்தில் ஒரு மேசைக் கணினியும் மெல்லிய தொலைபேசி இணைப்பும் மட்டுமே எங்களிடம் இருந்தன. அவற்றுக்கு ஒரு வரம்பும் இருந்தது. அந்த வரம்பை நான் பிழையாகப் புரிந்துகொண்டதனால் துறைமுக நகரான கிள்ளானில் ஒரு லோரி நிறுவனம் தன் பெருவாய்ப்பை இழக்கும் நிலைக்கு வந்தது. அன்று எங்களைக் காத்தவர் கணினியில் ஓர் எழுத்தும் தட்டியறியாத ஓர் அம்மையார். அவரைப் போன்ற தெளிந்த மதியுடைய ஒருவரை இத்தொழிலில் நான் பிறகு மிகச் சிலமுறையே சந்தித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. தலைநகரின் பிரிக்பீல்ட்சில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. நிறுவனங்களுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பதும், அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த வலைப்பக்கங்களை உருவாக்கிக் கொடுப்பதும் எங்கள் வேலை. கிள்ளானில் இருந்த அந்த லோரி நிறுவனம், துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்றிச் செல்வது. தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு பெரிய தொழிற்சாலை, தன் கொள்கலன்கள் எங்கே நிற்கின்றன என்பதை வலைப்பக்கத்தில் காட்டக்கூடிய நிறுவனத்துக்கே இனி ஒப்பந்தம் தருவதாக அறிவித்திருந்தது. முதலாளி அந்த ஒப்பந்தத்தை நம்பி எட்டுப் புதிய லோரிகளை வாங்கி, எட்டு ஓட்டுநர்களையும் அமர்த்திவிட்டார். ஒப்பந்தம் வரும்வரை அந்த லோரிகளுக்கு வேலை இல்லை. வாங்கிய நாளில் கட்டிய மாலைகள் வாடிக் கிடக்க, அவை முற்றத்தில் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் நாள்தோறும் வந்து அவற்றைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

வழங்கிக்கென்றே தனியான இயங்குதளப் பதிப்பு அப்போதும் விற்பனையில் இருந்தது. அதை வருவித்து நிறுவ நாளும் பணமும் கூடுதலாக வேண்டும். அவர்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு நல்ல கணினி இருந்தது. அதில் மேசைக் கணினிக்கான பதிப்பு இருந்தது. அதிலும் வலைப்பக்கம் வழங்கலாம். ஆனால் ஒரே வேளையில் பத்து இணைப்புகளுக்கு மேல் அது ஏற்காது. அதற்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்திலும் எழுதியிருந்தது. தொழிற்சாலையில் பக்கத்தைப் பார்க்கவேண்டிய பிரிவுகள் பதினான்கு. பதினான்கு பேரும் ஒரே நொடியில் பார்க்கப்போவதில்லை, ஆகவே பத்துப் போதும் என்று நான் முடிவு செய்தேன். அந்த முடிவை எவரும் என்மேல் சுமத்தவில்லை. நானே எடுத்தேன்.

பக்கத்தை அழகுபடுத்துவதில் முதலாளி காட்டிய ஆர்வத்தையும் சொல்லவேண்டும்.

"மொதல்ல பிள்ளையார் இருக்கணும் மிஸ். கடை திறந்தாலும் அவர்தான், லோரி எடுத்தாலும் அவர்தான். கம்ப்யூட்டருக்கு மட்டும் வேற சட்டமா?"

பிள்ளையார் படத்தை உச்சியில் வைத்தேன். அதன்கீழ் நிறுவனத்தைத் தொடங்கிய அவர் தந்தையாரின் படம். அதற்கும் கீழே மாலையணிந்த எட்டு லோரிகளின் படங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. கொள்கலன் பட்டியலோ பக்கத்தின் அடியில் ஒரு தனிச் சட்டகத்தில், எல்லாப் படங்களுக்கும் பிறகு வரும்படி அமைந்தது. அந்நாளில் நம்மவர் நிறுவனங்களுக்கு நாங்கள் செய்துகொடுத்த பக்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. எனக்கும் அதில் மகிழ்ச்சியே. அலுவலகத்துக்குள்ளேயே இன்னொரு கணினியில் திறந்து பார்த்தோம். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. முதலாளி தந்தையாரின் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கணினி வைக்கப்பட்டிருந்த இடம் வானொலி அறை. குளிரூட்டி அங்கேதான் இருந்தது. ஓட்டுநர்களோடு, அவர்கள் ‘செட்’ என்று சொல்லும் வானொலிக் கருவியில் பேசி, எந்த லோரி எங்கே போகவேண்டும் என்று பணித்துக்கொண்டிருந்தவர் நான் முன்பு குறிப்பிட்ட அம்மையார். ஐம்பதை நெருங்கிய வயது. முதலாளி உட்பட எல்லாரும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். நாற்பது லோரிகளுக்கும் சேர்த்து ஒரே அலைவரிசை. ஓட்டுநர் ஒருவர் பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை மற்ற எவரும் பேச இயலாது. ஆகவே அக்கா அந்த அலைவரிசையை ஒரு நொடியும் வீணாகாமல் ஆண்டுவந்தார். "சொல்லு", "கேட்டுச்சு", "விடு" என்ற மூன்று சொற்களிலேயே அவரது பாதிநாள் கழிந்துவிடும்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குத் தொழிற்சாலை முதன்முறையாகப் பக்கத்தைத் திறப்பதாக ஏற்பாடு. முதலாளி கணினிக்கு முன் கற்பூரம் ஏற்றினார்.

"பாஸ், தட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க. ஏர்கான் காத்துல கம்ப்யூட்டர் மேல பட்டுறப் போவுது," என்றார் அக்கா.

எட்டு முப்பத்தைந்துக்கு முதல் தொலைபேசி ஒலித்தது. பிறகு அது நிற்கவேயில்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வந்த முறையீடுகளை அக்காவே வாங்கிக்கொண்டார். சிலருக்கு வெற்றுப் பக்கம். சிலருக்குப் படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் உடைந்த கட்டங்கள். சிலருக்கு, அளவுக்கு மீறிப் பலர் இணைந்திருப்பதாக ஓர் அறிவிப்பு. தொழிற்சாலைக் கிடங்கின் பொறுப்பாளர் ஒரு தமிழர். அவர் குரல் ஒலிபெருக்கியில் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அக்கா, பிள்ளையார் வந்துட்டாரு, ஆனா பாதி உடம்புதான். லோரி மூணு வந்திருக்கு. கண்டெய்னர் லிஸ்ட் மட்டும் வரவே இல்ல லா. என்னா, கண்டெய்னரை எலி தூக்கிட்டுப் போயிருச்சா?"

எவரும் சிரிக்கவில்லை. அடுத்த அழைப்பு தொழிற்சாலையின் சரக்கு அதிகாரியிடமிருந்து. அவர் மலாய்க்காரர், அளந்து பேசுபவர். புதன்கிழமை காலை பதினான்கு பிரிவினரையும் ஒரே அறையில் அமர்த்தித் தாமே பார்க்கப்போவதாகவும், அன்றும் இப்படியே ஆனால் வேறு நிறுவனத்தை நாடுவதாகவும் சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டார். முதலாளி கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சன்னலுக்கு வெளியே எட்டு ஓட்டுநர்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று முற்பகல் நான் செய்தவற்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கணினியை மூன்றுமுறை நிறுத்தி மீண்டும் இயக்கினேன். தொலைபேசி இணைப்பில்தான் கோளாறு என்று அதற்குரியவர்களை அழைத்து வாதிட்டேன். தொழிற்சாலையின் கணினிகள் பழையவை என்றும் ஒருமுறை சொன்னேன். அச்சம் வந்தால் நாம் நமக்குத் தொலைவில் இருப்பதையெல்லாம் குறை சொல்கிறோம். என் கையால் செய்தது என் கண்முன் இருந்தது. அதை மட்டும் நான் பார்க்கவில்லை.

நண்பகலில் அக்கா ஒரு தாளை என்னிடம் நீட்டினார். காலையில் எந்தப் பிரிவு எத்தனை மணிக்கு அழைத்தது, என்ன சொன்னது என்று வரிசையாகக் குறித்திருந்தார். லோரிகளின் போக்குவரத்தை எழுதிப் பழகிய கை.

"மிஸ், ஒண்ணு கேக்கலாமா? பதினாலு டிபார்ட்மென்ட்ல பன்னெண்டுதான் கூப்பிட்டிருக்கு. ரெண்டு பேரு கூப்பிடவே இல்ல."

"அவர்கள் பக்கத்தைத் திறக்கவே இல்லையோ என்னவோ, அக்கா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போன் போட்டுக் கேட்டுட்டேன். ரெண்டு பேரும் மத்தவங்களுக்கு முந்தியே திறந்திருக்காங்க. எல்லாமே நல்லாத் தெரிஞ்சிச்சாம், லிஸ்டும் சேர்த்து. மொதல்ல வந்தவங்களுக்குக் கெடைச்சிருக்கு, பின்னால வந்தவங்களுக்குக் கெடைக்கல. அப்போ லைன் நல்லாத்தான் இருக்கு, இல்லையா? எடம்தான் இல்ல."

மூன்றுமணி நேரமாக நான் தேடியதை அவர் ஒரு பென்சிலைக்கொண்டு கண்டுபிடித்திருந்தார். உடனே கணினியில் இணைப்புகளின் எண்ணிக்கையைக் காட்டும் பகுதியைத் திறந்தேன். கிடங்குப் பொறுப்பாளரை மட்டும் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். ஒருவர்தான் பார்க்கிறார், எண்ணிக்கையோ நான்கு. இன்னொருவரையும் திறக்கச் சொன்னோம், எட்டு. மூன்றாமவர் திறந்ததும் பத்தைத் தொட்டு நின்றது. அவருக்குப் பிள்ளையார் பாதியோடு நின்றார்.

பக்கத்தில் படங்கள் மிகுந்திருந்ததால் ஒவ்வொருவரின் உலாவியும் நான்கு இணைப்புகளை ஒருங்கே திறந்து அவற்றை அள்ளிக்கொண்டிருந்தது. அலுவலகத்துக்குள் சோதித்தபோது அவை நொடியில் முடிந்துவிட்டதால் எனக்குத் தெரியவில்லை. தெலுக் பங்லிமா காராங் வரை நீளும் மெல்லிய இணைப்பில் அவை நிமிடக்கணக்கில் ஊர்ந்தன. பத்து இணைப்புகள் என்பதை நான் பத்துப் பேர் என்று படித்திருந்தேன். உண்மையில் அது இரண்டரைப் பேர்.

பிரிக்பீல்ட்சுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். வழங்கிக்குரிய பதிப்பு வந்துசேர ஒரு வாரத்துக்கு மேலாகும் என்றார்கள். என்னோடு பணிபுரிந்த நண்பர் ஒருவர் தொலைபேசியை வாங்கினார். கெட்டிக்காரர், உதவும் மனமும் உடையவர்.

"எதுக்கு ஒரு வாரம்? உள்ளே ஒரு எடத்துல ஒரே ஒரு வார்த்தையை மாத்தினாப் போதும். அந்த மெஷின் தன்னை சர்வர்னு நெனச்சிக்கும். லிமிட் பறந்திரும். பத்து நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப் போவுது?"

செய்யும் முறையை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள் அன்று முழுதும் என் கையருகில் இருந்தது. அப்படிச் செய்வது உரிமத்தை மீறுவது என்று எனக்குத் தெரியும். முற்றத்தில் எட்டுப் பேர் நிற்பதும் தெரியும். நான் அப்போதே அதைக் கிழித்தெறிந்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்; ஆனால் கிழிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை மின்ரயிலில் கிள்ளானுக்குப் போகும்போதும் அது என் பையில் இருந்தது. செய்துவிடுவது என்றே ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன்.

கணினிக்கு முன் அமர்ந்து, தாளை விரித்துவைத்தேன். பின்னால் அக்கா வழக்கம்போல் லோரிகளோடு பேசிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர், வேறொரு லோரியில் அன்று பழகச் சென்றவர், அலைவரிசையில் வந்தார்.

"ஹலோ... அக்கா... நான் வந்து... இங்க மெயின் கேட் கிட்ட நிக்கிறேன்... அது என்னான்னா... நம்பர்... கொஞ்சம் இருங்க அக்கா, பேப்பர எங்கயோ வச்சேன்..."

அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்ததும் அக்காவின் குரல் பாய்ந்தது.

"தம்பி, பட்டனை அழுத்திட்டு யோசிக்காதீங்க லா. யோசிச்சிட்டு அழுத்துங்க. நீங்க பேப்பர் தேடுற நேரத்துல நாப்பது லோரி வாயை மூடிக்கிட்டு நிக்குது."

"சாரிக்கா."

"சாரி சொல்றதுக்கும் அழுத்தாதீங்க. விடு!"

என்னை மறந்து சிரித்துவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்தார். என் திரையில் இணைந்திருப்போரின் பெயர்களும் பத்தில் நின்றிருந்த எண்ணிக்கையும் தெரிவதைக் கவனித்தார்.

"இப்ப எத்தனை பேரு பாக்குறாங்க?"

"மூன்று பேர். ஒவ்வொருவரும் நான்கு இணைப்புகளைப் பிடித்துக்கொள்கிறார்கள்."

"ஒரு ஆளுக்கு எதுக்கு நாலு?"

"படங்களை எடுத்துவர, அக்கா."

"அவங்க கேக்குறது கண்டெய்னர் எங்கன்னு மட்டும்தானே? அதுக்கு எதுக்கு எட்டு லோரியும் சேர்ந்து போவுது?" திரையில் ஒரு பெயரை விரலால் காட்டினார். "கெடங்குக்காரர் அப்பவே பாத்து முடிச்சிட்டாரு. எங்கிட்ட போன்ல சொன்னாரு. இன்னும் அவரு பேரு நிக்குதே?"

"பார்த்து முடித்த பிறகும், மீண்டும் கேட்கக்கூடும் என்று இணைப்பைச் சிறிது நேரம் திறந்தே வைத்திருக்கும். விரைவுக்காக அப்படி ஓர் ஏற்பாடு."

"பேசி முடிச்சாச்சு, இன்னும் பட்டனை அழுத்திக்கிட்டு இருக்காருன்னு சொல்லுங்க," என்றார் அக்கா. பிறகு, அவருக்கே உரிய நிதானத்தோடு, "விடச் சொல்ல முடியாதா மிஸ்?" என்று கேட்டார்.

முடியும். ஒரு குறியை மாற்றினால் பக்கம் போய்ச் சேர்ந்தவுடன் இணைப்புத் துண்டிக்கப்படும். எனக்கு அது தெரியாமல் இல்லை. வரம்பை எப்படி உடைப்பது என்று ஒருநாள் முழுதும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, வரம்புக்குள் எப்படி வாழ்வது என்ற எண்ணமே எழவில்லை. ஒரே அலைவரிசையில் நாற்பது லோரிகளை நடத்தியவருக்கு அது தவிர வேறு எண்ணம் எழ வாய்ப்பில்லை. இன்னோர் அலைவரிசை வேண்டும் என்று அவர் எவரிடமும் கேட்டதில்லை. இருந்ததை எவரும் பிடித்துவைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்.

நண்பர் சொன்னதை எழுதிய தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். சட்டகங்களை நீக்கி, படங்களை நீக்கி, கொள்கலன் எண்ணும் இடமும் நேரமும் மட்டும் கொண்ட வெறும் எழுத்துப் பக்கமாக எழுதினேன். ஒரு பார்வைக்கு ஓர் இணைப்பு. அதுவும் நொடிக்குள் விடுபடும்.

முதலாளியிடம் சொல்வதுதான் எஞ்சியிருந்தது. வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"என்னா இது? சாவு வீட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கு! பிள்ளையார் எங்க?"

நான் தொழில்நுட்ப விளக்கத்தைத் தொடங்கினேன். அக்கா என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"பாஸ், லோரிக்குள்ள சாமி படம் இருக்கு. வாசல்ல சாமி இருக்கு. ஆனா செட்டுல பேசும்போது ஒவ்வொரு தடவையும் சாமி பேரைச் சொல்லிட்டா பேசுறோம்?"

முதலாளி தந்தையாரின் படம் இருந்த இடத்தில் விரலை வைத்தார். "அப்பா படம்?" என்றார். குரல் தணிந்திருந்தது.

"பெரியவர் காலத்துல நான் செட்டுல 'குட் மார்னிங்'னு ஒரு தடவை சொல்லிட்டேன். என்னா சொன்னார் தெரியுமா? 'நீ வணக்கம் சொல்றதை வீட்டுல வச்சிக்க, லோரி எங்க?'ன்னாரு. அவருதான் மொதல்ல அந்தப் படத்தை எடுக்கச் சொல்லியிருப்பாரு."

முதலாளி திரையிலிருந்து விரலை எடுத்தார். பிறகு, "எடுத்தாச்சுல்ல, அப்புறம் என்னா?" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனார். அவர் கண்கலங்கியதை நாங்கள் பார்க்காதது போல் இருந்துகொண்டோம். ஒருவரிடம் அவருக்கு உயிரான ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்ல வேண்டுமானால், அவர் வாழ்க்கையிலிருந்தே காரணம் எடுத்துச் சொல்லவேண்டும் என்பதை அன்று கண்டேன். என் விளக்கம் முற்றிலும் சரியானது. ஆனால் அந்த வேலையை அது செய்திருக்காது.

புதன்கிழமை நாங்கள் மூவரும் தொழிற்சாலைக்குச் சென்றோம். அக்காவின் இடத்தில் மூத்த ஓட்டுநர் ஒருவர் வானொலிக்கு அமர்ந்தார். நீண்ட அறையொன்றில் பதினான்கு கணினிகள். அதிகாரி கையை உயர்த்திக் காட்ட, பதினான்கு பேரும் பக்கத்தைத் திறந்தார்கள். பதினான்கு திரைகளிலும் பட்டியல் வந்து நின்றது. கிடங்குப் பொறுப்பாளர் என் பக்கம் திரும்பி, மெல்ல, "எலி திருப்பிக் கொண்டாந்து வச்சிருச்சு போல," என்றார்.

அதிகாரி மீண்டும் ஒருமுறை திறக்கச் சொன்னார். மீண்டும் வந்தது. முதலாளி மூச்சு விட்டார். அதிகாரி ஓர் அச்சிட்ட படிவத்தை எடுத்து, எழுதுகோலைத் திறந்தார். மலாயில் கேட்டார்:

"ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கலாம்?"

பதினான்கு பேர் பார்த்ததை அவரே கண்டிருந்தார். அவர்கள் கைகள் ஒன்றுக்கொன்று அரைநொடி முன்பின்னாக அழுத்தியதனால் அது கூடியது. உண்மையிலேயே ஒரே கணத்தில் பதினொருவர் அழுத்தினால் பதினோராமவர் திருப்பியனுப்பப்படுவார். உரிமம் தருவதும் பத்துதான். "எத்தனை பேர் வேண்டுமானாலும்" என்ற சொற்கள் என் நாக்கின் நுனியில் நின்றன. அவை முழுப்பொய் என்றுகூட எவராலும் காட்டியிருக்க முடியாது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தயங்கினேன்.

"செப்புலோ, என்சிக்," என்றார் அக்கா. பத்து, ஐயா.

அதிகாரி பதினான்கு திரைகளையும் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "இப்போது பதினான்கு பேர் பார்த்தார்களே?"

"பார்த்தவுடனே விட்டுவிட்டார்கள், அதனால் அடுத்தவருக்கு இடம் கிடைத்தது," என்று அக்கா மலாயிலேயே விளக்கினார். "பதினொரு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒருவருக்குக் கிடைக்காது. அவர் மறுபடி அழுத்தவேண்டும்."

"அப்போதும் கிடைக்காவிட்டால்?"

"எனக்குப் போன் செய்யட்டும். காலை ஆறு மணியிலிருந்து நான் இருப்பேன்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவர் சொல்வது சரியா?"

"சரி, ஐயா. பத்துதான். வழங்கிக்குரிய பதிப்பை நிறுவியிருந்தால் இந்த வரம்பு இராது. மேசைக் கணினிப் பதிப்பே போதும் என்று முடிவு செய்தது நான். தவறு என்னுடையது." சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் இன்னொருவர் முதலில் வாய் திறந்த பிறகே என்னால் அதைச் சொல்ல முடிந்தது.

அதிகாரி படிவத்தில் எதையோ எழுதி, எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்.

நடைவழியில் முதலாளி சுவரில் சாய்ந்து நின்றார். அவர் அக்காவிடம் கோபித்து நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன்.

"ஏன்கா? எல்லாம் நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்திச்சு? மிஸ் ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க. நீங்க சும்மா இருந்திருக்கலாம்லா."

"இருந்திருக்கலாம் பாஸ்."

"அப்புறம்?"

"நாளைக்குப் பதினொண்ணாவது ஆளுக்குக் கெடைக்கலன்னு வைங்க. போன் வரும். அந்தப் போனை எடுக்கப் போறது யாரு? நீங்க எடுக்க மாட்டீங்க. மிஸ் பிரிக்பீல்ட்ஸ்ல இருப்பாங்க. நான்தான் எடுக்கணும். எடுத்து என்னா சொல்லுவேன்? 'எத்தனை பேரு வேணாலும் பாக்கலாம், ஆனா உங்களுக்கு இல்ல'ன்னா?"

நான் இணைப்புகளின் எண்ணிக்கையைப் பற்றி இரண்டு நாள் சிந்தித்திருந்தேன். வரம்புக்கு அப்பால் நிற்கப்போகும் மனிதரையும், அவருக்கு விடைசொல்லவேண்டிய மனிதரையும் அக்கா சிந்தித்திருந்தார்.

ஏறக்குறைய அரைமணி கழித்து அதிகாரி படிவத்தோடு வந்தார். ஒரு கட்டத்தைச் சுட்டிக் காட்டினார். அதில் பத்து என்று எழுதி, பக்கத்தில் அக்காவின் தொலைபேசி எண்ணுக்கு இடம் விட்டிருந்தார்.

"இந்த மாதம் நான்கு நிறுவனங்களிடம் இதே கேள்வியைக் கேட்டேன். மற்ற மூவரும் வரம்பே இல்லை என்றார்கள். எல்லா இயந்திரத்துக்கும் வரம்பு உண்டு. அவர்களுக்கு அது தெரியவில்லை, அல்லது எனக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் என் கொள்கலன்களை நான் அவர்களிடம் ஒப்படைக்க முடியாது." பிறகு முதலாளியிடம், "ஒரு மாதத்துக்குள் முறையான வழங்கியை நிறுவிவிடுங்கள். லோரிகளைத் திங்கட்கிழமை அனுப்பலாம்," என்றார். அக்காவிடம் எழுதுகோலை நீட்டினார்.

திரும்பும் வழியில் முதலாளி கிள்ளான் எல்லை வரும்வரை காரை விரட்டினார். வந்ததும், "செட்டுல சொல்லிருங்கக்கா. பயலுங்க காத்துக்கிட்டு இருப்பானுங்க," என்றார். காரிலிருந்த கருவியை அக்கா எடுத்தார். நாற்பது லோரிகளும் கேட்டுக்கொண்டிருந்தன. "திங்கக்கிழமை எட்டு லோரியும் போவுது," என்றார். உடனே கையை எடுத்துவிட்டார்.

பிரிக்பீல்ட்சில் என் மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி, பிழை நம்முடையதாதலால் முறையான பதிப்பை நம் பொறுப்பிலேயே நிறுவித் தரவேண்டும் என்று கேட்டேன். முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். நண்பரிடமும் அவர் சொன்ன வழியைப் பயன்படுத்தவில்லை என்று தெரிவித்தேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்து, "நல்லவேளை, வேலை முடிஞ்சிருச்சு," என்றார். அவர் அதை ஒரு பெரிய செய்தியாகக் கருதவில்லை. அக்கா பின்னால் இல்லாத வேறொரு செவ்வாய்க்கிழமையாக இருந்திருந்தால் நானும் கருதியிருக்க மாட்டேன். அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். உங்கள் இயந்திரங்களும் ஆற்றல் மிக்கவை. ஆயினும் அவற்றுக்கும் ஓர் எண் இருக்கிறது. எவரேனும் ஒருநாள் அதைக் கேட்பார். அப்போது எண்ணைச் சொல்லுங்கள். அதன் பொருள் எத்தனை மனிதர் என்று சோதித்துப் பார்த்தபிறகு சொல்லுங்கள். சொல்வதற்கு முன், அந்த எண்ணுக்கு அடுத்த மனிதர் வந்து நிற்கும்போது தொலைபேசியை எடுக்கப்போவது யார் என்று பாருங்கள். அது நீங்கள் இல்லையென்றால், அவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து விடைசொல்லுங்கள்.